அக்காவின் வலது குதிகால்

பிப்ரவரி 4

என் தம்பிக்கு,

போனில் கூப்பிட்டால் நீ "ம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரியிடம் கொடுத்துவிடுகிறாய். வெறும் "ம்" என்று காகிதத்தில் எழுதி, கவரில் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்ப உனக்கே கூச்சமாக இருக்கும். அந்த நம்பிக்கையில்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

நான் நன்றாக இருக்கிறேன். எழுபத்தொன்பது வயதில் இதைவிட நன்றாக இருந்தால் ஊர் சந்தேகப்படும். இடது கை மோதிர விரல் மட்டும் போன ஜூனிலிருந்து மடங்க மாட்டேன் என்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, "வயலினை வெச்சிடுங்கம்மா, வேற ஏதாவது பொழுதுபோக்கு பாருங்க" என்றார். பொழுதுபோக்காம்! "நீங்க ஊசியை வெச்சிட்டு வேற பொழுதுபோக்கு பார்ப்பீங்களா டாக்டர்?" என்று கேட்டேன். பாவம், சிரித்துவிட்டார். அந்த விரலின் வேலையை மற்ற மூன்றுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் குழுவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். மூன்றே பேர். வயலினின் தாத்தாபோல ஆளுயரத்தில் நிற்கும் டபுள் பேஸ் வாசிக்கிறவருக்கு எண்பத்து நான்கு. அதன் அடியில் ஒற்றைச் சக்கரம் மாட்டித் தெருவில் உருட்டிக்கொண்டு வருவார், அதனால் எல்லாருக்கும் அவர் 'வண்டிக்காரர்'. ஒத்திகை தொடங்கும்போது காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "மரம் நெஞ்சுல சாஞ்சிருக்கு, அது சொல்லும், கருவி எதுக்கு?" என்பார். இதுவரை ஒரு இடத்தில்கூடத் தாளம் தவறியதில்லை. பியானோ வாசிப்பவர் பல் டாக்டர், எழுபத்தொன்று, எங்கள் குழுவின் இளைஞர். அந்த இளைஞருக்குத்தான் இப்போது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. கால் பெடலைத் தொட மூன்று மாதம் ஆகுமாம்.

ஏப்ரல் ஆறாம் தேதி மாலை நான்கு மணிக்குக் கச்சேரி. நூலகத்து மாடி ஹால். ஆமாம், அதே ஹால்தான்.

பியானோவுக்கு ஆள் இல்லை. யாரையாவது தேடிப் பிடிக்கலாம், நான் தேடவில்லை. மூன்று உருப்படி வைத்திருக்கிறேன். முதல் இரண்டும் எளிது, உனக்கு ஒரு வாரம் போதும். மூன்றாவது நம் பழைய உருப்படி. பதினோரு வருஷமாக நான் அதைத் தொடவே இல்லை. உன்னைத் தவிர வேறு யாரோடும் அதை வாசிக்க எனக்குக் கை வராது.

வருவாயா?

அக்கா

பி.கு.: ஹால் பியானோவில் மேலிருந்து ஏழாவது வெள்ளைக் கட்டை அழுத்தினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

முதலில் பி.கு.வுக்குப் பதில். அது ஈரம். கட்டைக்கு அடியில் சின்னதாகச் சிவப்புத் துணி ஒட்டியிருக்கும், அது ஊறிப்போயிருக்கிறது. யாராவது மகானுபாவர் எண்ணெய் விடுகிறேன் என்று வந்தால் கையைத் தட்டிவிடு. எண்ணெய் பட்டால் பக்கத்துக் கட்டைகளும் சேர்ந்து படுத்துக்கொள்ளும்.

நான் வழக்கம்போலத்தான். இந்த மாதம் நான்கு பள்ளிக்கூடத்துப் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்தேன். ஒன்றின் உள்ளே இரண்டு பென்சில், ஒரு மோதிரம், பாதி தின்ற பிஸ்கட். மோதிரத்துக்கு மட்டும் சொந்தக்காரர் வந்தார். சங்கீத டீச்சராம், மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாராம். பிஸ்கட்டை யாரும் கேட்கவில்லை.

வண்டிக்காரரை நினைத்தால் எனக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. எண்பத்து நான்கில் அந்த மரத்தை உருட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாரே! உன் விரலைப் பற்றி நீ இரண்டே வரியில் எழுதிவிட்டாய். எனக்கு அது இரண்டு வரி விஷயமில்லை.

ஆனால் நான் வரவில்லை அக்கா. கோபித்துக்கொள்ளாதே. பல் டாக்டர் குணமாகும் வரை தள்ளிவைக்கலாம், அல்லது இசைப் பள்ளியில் நல்ல கையுள்ள ஒரு டீச்சர் கிடைப்பார். நான் மேடையை விட்டவன். விட்டது விட்டதுதான்.

வேண்டுமானால் ஐந்தாம் தேதி வந்து பியானோவைச் சரிபண்ணிவிட்டுப் போகிறேன். அதற்கே இங்கே கிண்டல். "பந்தி வரைக்கும் போயிட்டு இலையை மட்டும் தொடச்சிட்டு வருவீங்களா?" என்கிறாள் உன் தம்பி பெண்டாட்டி.

தம்பி


பிப்ரவரி 20

என் தம்பிக்கு,

அவளுக்கு என் நன்றியைச் சொல். உன் வீட்டில் விவரம் தெரிந்த ஆள் ஒருத்தியாவது இருக்கிறாள்.

மறைக்காமல் கேட்டுவிடுகிறேன். அன்றைக்கு மேடையில் நான் உன்னைக் கிண்டல் பண்ணியதுதானே காரணம்? நூறு பேருக்கு முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான், மன்னித்துக்கொள். ஆனால் ஒரு கிண்டலுக்குப் பதினோரு வருஷம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது உனக்கே அதிகமாகத் தெரியவில்லையா? சின்ன வயதில் உன் இசைத்தாளில் நான் காப்பியைக் கொட்டினேன், அதற்குக்கூட மூன்று நாள்தான் பேசாமல் இருந்தாய்.

விரல் இரண்டு வரி விஷயமில்லை என்று எழுதியிருந்தாய். புது விரலுக்குப் பழக எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. காலையில் வெந்நீரில் கையைப் போட்டு எடுத்துவிட்டு, தெரிந்த உருப்படி ஒவ்வொன்றையும் முதல் பாடம் படிக்கிறவள்போல ஒவ்வொரு வரியாக விரல் மாற்றி எழுதினேன். பழைய எண்களை அழித்து அழித்துத் தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. முதல் மாதம் பூனைகூட அறையில் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்கும்படி சாத்துவார். நான்காவது மாதம் ஒருநாள் அதே ஜன்னல் திறந்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம், பெரிய பெரிய ஹாலில் கைதட்டு வாங்கியபோதுகூடப் பட்டதில்லை.

வண்டிக்காரர் நேற்று கேட்டார், "உங்க தம்பி எப்படி வாசிப்பாரு?" நான் சொன்னேன், "நான் மூச்சு எங்க விடுவேன்னு எனக்கு முன்னாடி அவனுக்குத் தெரியும்." அவர் மரத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "அப்படி ஒரு ஆளை வெச்சுக்கிட்டா என்னையும் பல் டாக்டரையும் கட்டி மாரடிக்கறீங்க?" என்றார்.

இந்தக் கேள்வியை உனக்கே அனுப்புகிறேன்.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

கிண்டல் இல்லை. கிண்டலுக்கு நான் கோபித்துக்கொண்டேன் என்றா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாய்? இதை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரியிடம்கூட முழுக்கச் சொன்னதில்லை. கேட்டுவிட்டாய், எழுதுகிறேன்.

நம் ஏற்பாடு உனக்குத் தெரியும். நோட்டில் கோடும் இரண்டு புள்ளியும் வருகிற இடத்தில் திரும்ப முதலிலிருந்து வாசிக்கலாம், மேலேயும் போகலாம். கூட்டம் ஒன்றிப்போய் உட்கார்ந்திருந்தால் திரும்ப வாசிப்பாய், இல்லையென்றால் மேலே போய்விடுவாய். நீ எனக்கு முதுகைக் காட்டி நிற்பாய், உன் முகம் எனக்குத் தெரியாது. வலது குதிகாலைத் தூக்கினால் திரும்ப. தூக்காவிட்டால் மேலே. நாற்பது வருஷம் நான் உன் செருப்பைப் பார்த்து வாசித்தவன். உனக்கு எத்தனை ஜோடி இருந்தது, எது எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது, இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

அன்று நீ மண்ணிறத்தில் புதுச் செருப்பு போட்டிருந்தாய். குதிகால் தூக்கியதைப் பார்த்தேன். முதலுக்குத் திரும்பினேன். நீ மேலே போய்க்கொண்டிருந்தாய். ஹால் முழுக்கக் கேட்க நாம் இரண்டு பேரும் எட்டு தாளம் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். நீ நிறுத்தி, திரும்பிப் பார்த்து, "தம்பிக்கு வயசாயிடுச்சு, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஆனால் நீ குதிகாலைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் நீ ஏன் மேலே போகப் போகிறாய்? அப்படியானால் நான் பார்த்தது என்ன? நடக்காத ஒன்றை என் கண் எனக்குக் காட்டியிருக்கிறது. கண் டாக்டரிடம் போனேன், கண் பழுதில்லை என்றார். தலையை ஒரு குழாய்க்குள் விட்டுப் படம் எடுத்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்றால் எனக்கு நிம்மதி வர வேண்டும், பயம்தான் வந்தது. அதற்குப் பிறகு நான் கார் ஓட்டவில்லை. பச்சை விளக்கு எரிவதாக எனக்குத் தெரிந்து, உண்மையில் எரியாமல் இருந்தால்? பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்க மாட்டேன். மூட்டு வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சுருதி சேர்ப்பதில் ஆபத்தில்லை. ஒரு நேரத்தில் ஒரு கம்பி. என்னை நம்பி முன்னால் யாரும் நிற்பதில்லை. உன்னை மறுபடி அந்த மேடையில் நடுத்தெருவில் விடுவதுபோல விட என்னால் முடியாது அக்கா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன நவம்பரில் நீங்கள் வாசித்தபோது நான் வந்திருந்தேன். ஹாலுக்குள் வரவில்லை, மாடிப்படித் திருப்பத்தில் அறிவிப்புப் பலகை பக்கம் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. இரண்டாவது உருப்படியில் அந்த நீளமான மெதுவான இடம் வந்தது. மோதிர விரல் விழ வேண்டிய இடத்தில் நடுவிரல் சறுக்கிப் போய் நின்றது. ஹாலில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய விரலில் அந்த இடம் அழகாக இருக்கும், புது விரலில் அது பேசியது. இவள் என் கூடப் பிறந்தவள் என்று படியில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும்போல இருந்தது. கைக்குட்டை கொண்டுவரவில்லை, சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன்.

நீ வாசி. சாகிற வரை வாசி. நான் படியில் நின்று கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 6

தம்பி,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். காரும் ரோடும் வருகிற இடத்தைத் தாண்ட முடியவில்லை.

நான் குதிகாலைத் தூக்கினேன்.

அன்று புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் தோல் உரிந்திருந்தது. தூக்கும்போது எரிந்தது. அந்த எரிச்சல் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதனால் சரியாக நினைவில்லை, அப்படியும் இருக்கலாம் என்றெல்லாம் மழுப்ப எனக்கு வழியில்லை. தூக்கினேன். உன் கண் சரியாகத்தான் பார்த்தது.

தூக்கிய பிறகு, அந்த இரண்டு தாளத்துக்குள், என் புத்தி வேறு எங்கோ போய்விட்டது. முதல் வரிசையில் பெரிய அரங்கத்திலிருந்து வந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அடுத்த வருஷத்துக்கு ஆள் தேட. அவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். தூக்கியதை மறந்து மேலே போய்விட்டேன். நீ திரும்பியது காதில் விழுந்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. யார் தப்பு என்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

எனக்கு அப்போது அறுபத்தெட்டு. "இன்னும் வாசிக்கறீங்களா?" என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்கத் தொடங்கியிருந்த காலம். ஒரு தப்பு வெளியே தெரிந்தால் என்னை மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம். உன்னிடம் திரும்பி அந்த வார்த்தையைச் சொன்னேன். பழியை உன் தலையில் போட்டுவிட்டு நான் கைதட்டு வாங்கினேன். அந்த இரண்டு பேர் அடுத்த வாரமே என்னைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்று இருந்தேன், நீ அதற்குள் ரயில் ஏறிவிட்டாய். அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். கிண்டலுக்குத்தான் கோபம், தானாக ஆறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ உன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு, பேத்தி கையைப் பிடிக்காமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்காதே. சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அன்றைக்கு நானாக இருந்தவளை நான் நம்பவில்லை.

நீ படியில் நின்று கேட்டாய், சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாய். எனக்கு எழுதவே கை கூசுகிறது.

நீ வர வேண்டும் என்று இனி கேட்க மாட்டேன். வந்தால், மேடையில் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்கிறேன். குதிகாலும் வேண்டாம், எங்கே திரும்புவது என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வராவிட்டாலும் இதை மட்டும் செய். இன்றைக்கே பேத்தியைக் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து போய் வா.

அக்கா


மார்ச் 19

தம்பி,

தபால்காரர் தினமும் வருகிறார். மின்சார பில் வந்தது, பல் டாக்டருக்குக் கால் தேறிவருகிறது என்று ஒரு கார்டு வந்தது. நீ எழுதவில்லை. எழுத வேண்டும் என்று சட்டம் இல்லை.

வண்டிக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, ஒன்று விடாமல். முடித்து நிமிர்ந்தால், மனிதர் சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்கம்மா, இப்ப சொல்லுங்க" என்கிறார். இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "பதினோரு வருஷம், அத்தனையும் அவரு வாசிச்சிருக்க வேண்டிய வருஷம்" என்று மட்டும் சொன்னார்.

ஆறாம் தேதி நாங்கள் இரண்டு பேர் மட்டும் வாசிக்கிறோம். மூன்றாவது உருப்படியை எடுத்துவிட்டேன்.

அக்கா


மார்ச் 26

அக்காவுக்கு,

குதிகாலைத் தூக்கினேன் என்று நீ எழுதியது வந்து சேர்ந்தது. மறுநாள் உனக்கு ஒரு பதில் எழுதினேன். அதைப் படித்திருந்தால் நீ வயலினைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பாய். உன் தம்பி பெண்டாட்டி அதை வாங்கிப் படித்துவிட்டு, "எல்லாம் நியாயம்தான், ஆனா போஸ்ட் பண்ண வேணாம்" என்று அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

பதினோரு வருஷம் அக்கா. எனக்குக் கோபம் போகவில்லை. ஆறாம் தேதிக்குள் போகும் என்றும் தோன்றவில்லை. வெறும் "ம்" என்று எழுதி அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது நாள் பேத்தியின் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்தேன். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததும், "தாத்தா, வலிக்குது, கையை இவ்ளோ இறுக்காதீங்க" என்றாள். திரும்பி வந்தோம். அப்புறம் ஏன் என்று அவளுக்குப் புரியாமலேயே இன்னும் இரண்டு தடவை போய் வந்தோம். பிறகு லைசென்ஸ் ஆபீஸுக்குப் போனேன். கண் பரிசோதனையில் கடைசி வரியை அவர்கள் கேட்காமலேயே படித்துக் காட்டினேன். "போதும் சார்" என்றார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு வாரம் காரைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குப் பாதிக் காரணம் கோபம், பாதிக் காரணம் ரிவர்ஸ் கியர்.

வீட்டுப் பியானோவையும் திறந்துவிட்டேன். நம் உருப்படியை எடுத்தேன். நோட்டு முழுக்க உன் பென்சில் எழுத்து. 'இங்கே அவசரப்படாதே' என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறாய். ஏழிலும் அவசரப்பட்டேன். விரல்கள் என்னைவிட நல்லவை, ஒன்றையும் மறக்கவில்லை.

கோபத்தோடு உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று தெரிந்தது. அறுபத்தெட்டில் ஒரு தப்பு தெரிந்துவிடுமோ என்று நடுங்கினவள் நீ. எழுபத்தொன்பதில் மடங்காத விரலோடு, தப்பு வந்தாலும் வரட்டும் என்று மேடை ஏறுகிறாய். முதலாமவளோடு நான் வாசிக்க மாட்டேன். இரண்டாமவளைத்தான் நான் படியில் நின்று கேட்டேன்.

ஐந்தாம் தேதி காலை கிளம்புகிறேன். ரயிலில் இல்லை, காரில். இரண்டு மணி நேர வழி, எனக்கு நான்கு ஆகும். பக்கத்தில் உன் தம்பி பெண்டாட்டி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஏழாவது கட்டையை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், யாரும் தொட வேண்டாம். வண்டிக்காரரிடம் சொல், மாடிப்படியில் அவருடைய மரத்துக்கு மறுபக்கத்தை நான் பிடிக்கிறேன்.

மேடையில் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.  எனக்குச் சொன்னது போதும். மூன்றாவது உருப்படியைப் பட்டியலில் திரும்பச் சேர்த்துவிடு.

திரும்புகிற இடத்தை எழுதிக் கொடுப்பதும் வேண்டாம். கூட்டத்தைப் பார்த்து நீயே முடிவு செய். குதிகால் நன்றாகத் தெரிகிற கறுப்புச் செருப்பைப் போட்டுக்கொள். நீ தூக்கினால் நான் முதலுக்குத் திரும்பிவிடுவேன். தூக்கியதை மறந்து நீ மேலே போய்விட்டாலும் நான் என் இடத்தில்தான் வாசித்துக்கொண்டிருப்பேன்.

இந்தத் தடவை நீதான் என்னிடம் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும்.

உன் தம்பி